சீனிக் கணக்கு

நாளும் விடியற்காலையில், அயலிலுள்ள கோயில் மணி ஒலித்து ஓய்ந்த பின்னர், நாம் செய்யும் முதற் காரியம் எமது விரல் நுனியை ஊசியாற் குத்தி ஒரு துளி இரத்தம் எடுப்பதாகும். அத் துளியை ஒரு சிறு பட்டையின் விளிம்பிலே தொட்டுவைத்தால், உள்ளங்கையில் அடங்கும் கருவி சில விநாடிகளில் ஓர் எண்ணைக் காட்டுகின்றது. அவ்வெண் தானாகவே எமது கைத்தொலைபேசிக்குச் சென்று சேர்கின்றது. அங்கே நேற்றைய எண்ணும், முந்தாநாள் நடந்த காலடிகளின் தொகையும், இரவு உறங்கிய மணிக்கணக்கும் வரிசையாக நிற்கின்றன. பல்கலைக்கழகத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்று, செய்யுளில் அசையும் சீரும் எண்ணிப் பழகிய நாம், இன்று எமது குருதியிலுள்ள சீனியை எண்ணிக்கொண்டிருக்கின்றோம்.

இது நகைப்புக்குரியதா, நன்மைக்குரியதா என்னும் வினா எம் மனத்தில் நெடுநாள் கிடந்தது. அதற்கு விடை நூல்களிலிருந்து வரவில்லை. எமது வகுப்பறையிலேயே, சற்றும் எதிர்பாராத ஒரு நாளில் அது வந்து சேர்ந்தது. அதனைக் கூறுமுன் சில பழைய செய்திகளைச் சொல்லவேண்டியிருக்கின்றது.

எமது ஆச்சிக்கு நீரிழிவு இருந்தது. ஊரார் அதனைச் ‘சீனி வருத்தம்’ என்பர். 1990 ஆம் ஆண்டுக்குப் பின்னர் யாழ்ப்பாணத்திலே மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் மருந்துக்கும் தடை. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. ஆச்சியின் சீனியை அறிய எம்மிடம் எந்தக் கருவியும் இல்லை. அயலில் ஓய்வுபெற்ற அப்போதிக்கரி ஒருவர் இருந்தார். பரிசோதனைக் குழாயொன்றில் நீலநிற மருந்து நீரை விட்டு, அதிலே சில துளி சிறுநீரைச் சேர்த்துச் சிறு விளக்கின்மேற் சூடாக்குவார். நீலம் நீலமாகவே நின்றாற் சீனி இல்லை. பச்சையானாற் சிறிது உண்டு. மஞ்சள், செம்மஞ்சள் என மாறிச் செங்கல் நிறத்தை அடைந்தால் மிகுதி. சிறுவராகிய எமக்கு அது ஒரு வித்தையாகவே தோன்றியது. நிறம் மாறாதிருக்க வேண்டுமென்று ஆச்சி வாய்க்குள் முருகனை அழைத்தபடி நிற்பார்.

அந்த முறையின் குறையைப் பின்னரே நாம் அறிந்தோம். இரத்தத்திற் சீனி ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினாலன்றிச் சிறுநீரில் அது தோன்றாது. ஆகவே சில மணி நேரத்துக்கு முந்திய செய்தியையே குழாய் சொல்லும். சீனி குறைந்து உயிருக்கே ஆபத்து நேர்கின்ற வேளையில் அது வாய் திறவாது.

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டுப் புறப்பட்ட இரவில் எமக்கு ஏழு வயது. மழையிலே, நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த அந்த மனிதக் கடலுள் எமது அம்மா ஒரு கையிற் சிறு மண்முட்டியைச் சுமந்து வந்தார். முட்டிக்குள் ஈர மணல். மணலுக்குள் ஆச்சியின் இன்சுலின் போத்தல். தென்மராட்சியில் உறவினர் வீட்டுத் திண்ணையிலே தங்கியிருந்த மாதங்களில், அம் மணலுக்கு நாளும் நீர் தெளிப்பது எமது கடமையாயிற்று. எவ்வளவு மருந்து ஏற்றுவது என்பதை ஆச்சியின் தலைச்சுற்றும் தாகமுமே தீர்மானித்தன. 1997 இல், காலில் ஏற்பட்ட புண் ஆறாமலே ஆச்சி கண்மூடினார். ஒரு சிறு கருவி அன்று இருந்திருந்தால் என்று அம்மா இன்றும் சிலவேளை சொல்வதுண்டு.

2021 ஆம் ஆண்டின் இறுதியில் எமக்கும் அதே நோய் இருப்பதாக வைத்தியர் கூறினார். வயது முப்பத்துமூன்று. ஓயாத தாகம் இருந்தது, உடல் மெலிந்தது. ஆசிரியர் ஓய்வறையில் அன்பர்கள் எமது மெலிவைக் கண்டு பாராட்டினர்! இரத்தத்தைச் சோதித்தபோது எண் 268. வைத்தியர் மெற்போமின் வில்லைகளைத் தந்து, சோற்றைக் குறைத்து நடக்கச் சொன்னார். கனடாவிலுள்ள எமது தமையனார் செய்தி கேட்டு, ஊருக்கு வந்த ஒருவரிடம் கருவியொன்றும் பட்டைகளும் கொடுத்தனுப்பினார். அன்று தொட்டு அவர் அனுப்பும் டொலரே எமது சீனிக் கணக்கின் முதலீடு. ஆசிரியச் சம்பளத்தில் மட்டும் இக் கணக்கை நாம் நடத்தியிருக்க முடியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கின்றோம்.

கருவியின் வரலாற்றை அறிய முற்பட்டபோது எமக்கு வியப்பு மிகுந்தது. 1921 இல் கனடாவின் ரொறன்ரோ நகரிலே இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. அதனைக் கண்ட பாண்டிங்கின் குழுவினர் 1923 இல் அதன் காப்புரிமையைத் தம் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டொலருக்கே கொடுத்துவிட்டனர். உயிர் காக்கும் பொருள் ஒருவரின் சொத்தாகலாகாது என்பது அவர்கள் எண்ணம். இரத்தச் சீனியை அளக்கும் கருவியோ வேறு வழியில் வந்தது. முதலில் அது வைத்தியருக்கும் வைத்தியசாலைக்கும் மாத்திரமே விற்கப்பட்டது. 1969 இல் றிச்சர்ட் பேண்ஸ்டைன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், சிறுபராயம் முதல் நீரிழிவுற்றவர், அக் கருவியை வாங்க விரும்பினார். நோயாளிக்கு விற்கமாட்டோம் என்றனர். அவர் மனைவி வைத்தியராக இருந்தமையால் அவர் பெயரில் வாங்கி, நாளொன்றுக்குப் பலமுறை தம்மைத் தாமே அளந்து, நோயைக் கட்டுக்குள் கொண்டுவந்தார். தன் உடலைத் தான் அறிவதற்கும் ஒரு மனிதன் இன்னொருவர் பெயரை இரவல் வாங்க வேண்டியிருந்தது!

ஆகவே, நாம் எம்மை அளக்கின்றோம் என்பது இழிவான செயலன்று. அறிவு சிலர் கையிலிருந்து பலர் கைக்கு வந்ததன் அடையாளம் அது. இக் கருத்தோடுதான் நாமும் தொடங்கினோம். ஆனால் நாள் செல்லச் செல்ல அறிவு விளையாட்டாக மாறியது, விளையாட்டு வீம்பாயிற்று.

கைத்தொலைபேசியில் நாம் இறக்கிக்கொண்ட செயலி ஆங்கிலத்தில் இருந்தது. உண்டதைப் பதிவு செய் என்றது. அதன் உணவுப் பட்டியலில் பேகரும் பாஸ்தாவும் இருந்தன, புட்டு இல்லை. ஒடியற்கூழைத் தேடினோம், அப்படியொன்று உலகத்தில் இல்லை என்றது. குரக்கன் பிட்டை எதிலே சேர்ப்பது? ஒரு நீத்துப்பெட்டிப் புட்டு எத்தனை கிராம்? அரிசிமாப் புட்டா, கோதுமைமாப் புட்டா, தேங்காய்ப்பூ எவ்வளவு? இவற்றை அறியாத ஒரு பட்டியலிலே எமது வயிற்றைப் பொருத்துவதற்கு நாம் பட்ட பாடு பெரிது. அம்மா அடுக்களை வாசலில் நின்று ஒருநாள் கேட்டார்:

“தம்பி, பசிச்சால் பசிக்குதெண்டு வயிறு சொல்லும். உந்தப் பெட்டியைக் கேட்டே சாப்பிடவேணும்?”

நாம் விடை சொல்லாது காலடிகளை எண்ணப் புறப்பட்டோம். நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடக்கவேண்டும் என்பது செயலியின் கட்டளை. அந்தப் பத்தாயிரத்தை எந்த வைத்தியரும் ஆராய்ந்து வகுக்கவில்லை என்பதைப் பின்னர் படித்து நகைத்தோம். 1965 இல் யப்பானிய நிறுவனமொன்று காலடி எண்ணும் கருவியை விற்பனைக்கு விட்டபோது சூட்டிய பெயர் ‘பத்தாயிரம் அடி மானி’ என்பதாகும். விளம்பரத்துக்காக வைத்த பெயரே உலகம் முழுவதும் விதியாயிற்று. நடப்பது நன்றுதான், ஆயினும் வெங்காயத் தோட்டத்தில் விடிந்தது முதல் குனிந்து நிமிரும் பெண்ணின் உழைப்பை அந்த விதி எண்ணுவதில்லை. அவள் மடியிலே கைத்தொலைபேசி இல்லை.

2022 இல் நாடு பொருளாதாரத்தில் வீழ்ந்தது. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் தடைப்பட்டது. பெற்றோல் இல்லை, நாம் மோட்டார் சைக்கிளைப் பூட்டிவைத்துவிட்டுத் துவிச்சக்கரவண்டியிற் பாடசாலைக்குச் சென்றோம். எமது சீனி நன்றாகக் குறைந்தது. கருவியாற் குறைந்தது என்று அன்று பெருமை கொண்டோம். பெற்றோல் இல்லாமையாற் குறைந்தது என்று இன்று உணர்கின்றோம். ரூபாயின் மதிப்புச் சரிந்தபோது பட்டையின் விலையும் உயர்ந்தது. தமையனாரின் டொலர் இருந்தமையால் எமக்கு அதுவும் உறைக்கவில்லை.

எமது மற்றொரு குற்றத்தையும் மறைக்காது சொல்லவேண்டும். கோயில் அன்னதானத்திலோ கலியாண வீட்டிலோ வயிறார உண்ட மறுநாட் காலையில் நாம் விரலைக் குத்துவதில்லை. மனம் ஒருநாட் பொறுத்துக்கொள் என்னும். பின்னர் இரண்டு நாள் வாயைக் கட்டி, எண் நல்லதாக வந்ததும் பதிவு செய்வோம். செயலி எமக்குப் பச்சை நிறத்தில் வாழ்த்துக் கூறும். இவ்வாறிருக்கையில், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனைக்கு வைத்தியர் எழுதிக்கொடுத்தார். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கின்றது. அந் நாள்களெல்லாம் குருதியிலிருந்த சீனி அதன் நிறப்பொருளில் ஒட்டிக்கொள்கின்றது. நீரிழிவுக்கும் இதற்குமுள்ள தொடர்பை 1968 இல் கண்டவர் தெஹ்ரான் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் ரஹ்பார் என்பவர். கீழைத்தேயத்து ஆய்வுகூடமொன்றில் பிறந்த அச் சோதனை எமது பொய்யை வெளிப்படுத்திற்று. ஏழுக்குக் கீழ் நிற்க வேண்டிய எண் எட்டைத் தாண்டி நின்றது. நல்ல நாள்களை மட்டும் அளந்து வைத்துக்கொண்டு, நல்வாழ்வு வாழ்வதாக நாம் எண்ணியிருந்தோம். மாணவனொருவன் சரியான விடைகளை மாத்திரம் எண்ணித் தனக்குத் தானே நூறு புள்ளி போட்டுக்கொண்டால் நாம் என்ன சொல்லியிருப்போம்?

இவ்வளவும் எமது நோயைப் பற்றிய கதை. இனி வருவது எமது வகுப்பறைக் கதை.

சென்ற ஆண்டு ஒருநாள், மூன்றாம் பாடவேளை. பத்தாந்தர மாணவர்க்குப் பகுபத உறுப்பிலக்கணம் கற்பித்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் வரிசையில் ஒரு மாணவி மேசையிலே நெற்றியைச் சாய்த்துக் கிடந்தாள். எழுப்பி வினா கேட்டோம். அவள் வினாவுக்குப் பொருந்தாத ஏதோ கூறினாள், வகுப்புச் சிரித்தது. “வீட்டிலே கொள்ளாத நித்திரையை இங்கேயா கொள்வது?” என்று நாமும் கடிந்தோம். அவள் நிற்க முயன்று தள்ளாடினாள். கழுத்திலே வியர்வை அரும்பியிருந்தது, விரல்கள் நடுங்கின. அருகிலிருந்த தோழி எழுந்து, “சேர், அவள் ஊசி போடுறவள்” என்றாள்.

எமது பை மேசையிலே கிடந்தது. பைக்குள், குடைக்குக் கீழே, பென்சிற் பெட்டி ஒன்றுக்குள் எமது கருவி இருந்தது. பல மாதங்களாக ஒருவரும் அறியாது அதனைச் சுமந்து திரிந்தோம். முப்பது வயது ஆசிரியனுக்குச் சீனி வருத்தம் என்று பிள்ளைகள் பேசுவார்களே என்ற நாணத்தினால் ஒரு கணம் — அரை நிமிடமேனும் இருக்கும் — எம் கை அப் பையை நோக்கி நீளவில்லை. அந்த அரை நிமிடத்தை நாம் மறக்கமாட்டோம்.

பின்னர் கருவியை எடுத்துப் புதிய ஊசியொன்றைப் பொருத்தி அவள் விரலைக் குத்தினோம். எண் 48. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே அபாயம். ஒரு மாணவனைத் தேநீர் அறைக்கு ஓடவிட்டுச் சீனி கொண்டுவரச் செய்து, மூன்று தேக்கரண்டிச் சீனியை அரைக் குவளை நீரிலே கரைத்து, அவள் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தமையாற் பருகக் கொடுத்தோம். பதினைந்து நிமிடம் வகுப்பு மூச்சுவிடாது இருந்தது. மீண்டும் அளந்தபோது எண் 86. அவள் கண்ணிலே பார்வை திரும்பிற்று. முன்வரிசைச் சிறுவன் கேட்டான்: “சேர், இது உங்கடையோ?”

“ஓம் தம்பி, எனக்கும் சீனி வருத்தம்தான்” என்றோம். ஒருவரும் சிரிக்கவில்லை.

அன்று மாலை அவள் தாயார் வந்தார். வலிகாமத்துத் தோட்டங்களிலே நாட்கூலிக்குச் செல்பவர். கையிலே மண் உலரவில்லை. மகளுக்கு ஒன்பதாம் வயதில் இந் நோய் கண்டது. இன்சுலின் ஏற்றாது ஒருநாளும் வாழமுடியாத முதலாம் வகை அது. அவர் தாழ்ந்த குரலிற் சொன்னார்:

“சேர், ஊசி மருந்தைக் காசில்லாமல் தருகினம். பார்க்கிற பட்டைதான் எங்களாலை வாங்கேலாது. காலமை ஊசியைப் போட்டிட்டு ஒரு துண்டுப் பாணோடை வந்திட்டாள். வீட்டிலை அவ்வளவுதான் இருந்தது. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ சேர், குமர்ப்பிள்ளை.”

மருந்து மிகுந்ததாற் சீனி குறையவில்லை. உணவு குறைந்ததாற் குறைந்தது. தாயார் காட்டிய கிளினிக் கொப்பியை நாம் புரட்டிப் பார்த்தோம். ஓராண்டிலே எழுதப்பட்டிருந்த எண்கள் 11. எமது கைத்தொலைபேசியில் அதே ஓராண்டில் நின்ற எண்கள் 700க்கு மேல். நாமோ வில்லை விழுங்கும் இரண்டாம் வகை நோயாளி. ஒருநாள் அளக்காவிட்டால் எமக்கு ஒன்றும் நேராது. அவளோ அளக்காது ஏற்றும் ஒவ்வோர் ஊசியிலும் உயிரைப் பணயம் வைக்கின்றாள்.

ஆய்வுகளும் இதனையே கூறுகின்றன. இன்சுலின் ஏற்றாத இரண்டாம் வகையினர் தம்மைத் தாமே அளப்பதால் விளையும் நன்மை ஆறு மாதமளவில் மிகச் சிறிதே. ஓராண்டில் அதுவும் மறைந்துவிடுகின்றது என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய கொக்ரேன் அறிக்கை 2012 இல் கூறிற்று. முதலாம் வகையினரைப் பற்றிய செய்தி வேறு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து நடத்தி 1993 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, நாளில் நான்கு முறையேனும் அளந்து அதற்கேற்ப இன்சுலின் ஏற்றுவோர்க்குக் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் பழுதடைவது பெரிதும் குறைகின்றது என்று நாட்டியது. கருவி எவருக்கு இன்றியமையாததோ அவர் கையில் அது இல்லை. எவருக்கு அது ஏறத்தாழ ஓர் அணிகலனோ அவர் பையில் இரண்டு கிடக்கின்றன. வெளிநாட்டுத் தமையனார் இருப்பதும் இல்லாததுமே இவ் வேறுபாட்டின் காரணம்.

வியாபாரத்தின் சூத்திரத்தையும் இங்கே காணலாம். கருவி மலிவு, சிலவேளை இலவசமாகவே கொடுப்பர். இலாபம் பட்டையில் இருக்கின்றது. ஒரு நிறுவனத்தின் பட்டை மற்றொன்றின் கருவிக்குப் பொருந்தாது. ஐம்பது பட்டைகள் கொண்ட ஒரு பெட்டி கூலிப் பெண்ணொருத்தியின் இரண்டு மூன்று நாட் சம்பளத்தை விழுங்கிவிடும்; நாளுக்கு நான்காக அளந்தால் அப் பெட்டி இரண்டு வாரத்துக்கும் போதாது. இன்சுலினை ஒரு டொலருக்குக் கொடுத்தவர்களின் உலகம் இதுவன்று.

இந்த நாடு 1951 இல் அரச வைத்தியசாலைகளிற் கட்டணத்தை ஒழித்தது. அதற்கு முன்னரே, 1945 இல், இலவசக் கல்வியை ஏற்றது. இவ்விரண்டின் பயனாகவே நாமும் எழுத்தறிந்து, பல்கலைக்கழகம் கண்டு, உயிரோடும் இருக்கின்றோம். இன்சுலினை இலவசமாகக் கொடுக்கும் அரசு, அதனை அளவறிந்து ஏற்றுவதற்கான பட்டையைக் கடைக்கு விட்டுவிடுவது, மிதிவண்டியைக் கொடுத்துத் தடுப்பை விலைக்கு விற்பதுபோலாகும்.

எண்ணப்படாதவர்களுக்கு ஒதுக்கீடும் இல்லை என்பதையும் நாம் அறிவோம். 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடத்தப்பட்ட பெரிய ஆய்வொன்று, வயதுவந்தோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு உண்டென்று கூறிற்று. ஒன்பது மாகாணங்களுள் ஏழிலேயே அவ்வாய்வு நடந்தது. வடக்கும் கிழக்கும் அதிலே சேரவில்லை. அது போர்க்காலம். எமது ஆச்சிமாரின் புண்களும் எமது தாய்மாரின் தாகமும் அந்தப் பத்தில் ஒன்றுக்குள் வரவில்லை.

அன்றைய நிகழ்ச்சிக்குப் பின்னர் எமது மேலதிகக் கருவியையும் பட்டைகளிற் பெரும்பகுதியையும் அம் மாணவிக்குக் கொடுத்தோம். ஆசிரிய அன்பர்கள் சேர்ந்து மாதந்தோறும் சிறு தொகை எடுத்து வைக்கின்றோம். தலைவலி மருந்து இருந்த அலுமாரியில் இப்பொழுது குளுக்கோசும் இருக்கின்றது. நாம் வாரத்தில் இருமுறை மட்டும் அளக்கின்றோம். உண்ட மறுநாளும் அளக்கின்றோம். செயலியை அழித்துவிட்டோம். தாயாரின் வேண்டுகோளை மதித்துப் பெயர் சொல்லாது இங்கு எழுதுகின்றோம். ஆயினும் நோயை மறைப்பது பிள்ளையின் உயிரோடு விளையாடுவது என்பதை அவருக்கும் மெல்ல எடுத்துரைத்தோம். மறைத்து வைத்த குற்றத்திலே எமக்கும் பங்குண்டு என்பதனால் அதனைச் சொல்ல எமக்குத் தகுதி இருந்தது.

நாம் செய்தது தர்மம். தர்மம் செய்பவன் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டால் அதுவும் போய்விடும். ஆகவே அடுத்த ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் மூன்று கோரிக்கைகளை முன்வைக்க இருக்கின்றோம். இன்சுலின் ஏற்றும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கருவியும் நாளுக்கு நான்கு பட்டையும் வைத்தியசாலையிலேயே கிடைக்கவேண்டும். சீனி குறைவின் அறிகுறியை ஒவ்வோர் ஆசிரியரும் பயிற்சிக் காலத்திலேயே கற்கவேண்டும். எமது புட்டையும் கூழையும் அறிந்த, தமிழிலும் சிங்களத்திலும் பேசுகின்ற செயலியொன்றை எமது பல்கலைக்கழகங்களே ஆக்கி மக்களுக்கு இலவசமாகத் தரவேண்டும். வாசக அன்பர்களுள் ஆசிரியராக இருப்போர் தத்தம் சங்கங்களிலும் இவற்றை எழுப்புவார்களாயின் எமது குரல் தனிக்குரலாக இராது.

அம் மாணவி அப்பியாசக் கொப்பியொன்றில் அடிமட்டத்தால் கோடு கீறித் தன் கணக்கை எழுதி வருகின்றாள். நேரம், எண், இன்சுலின் அளவு, உண்டது என நான்கு நிரல்கள். “புட்டு, அரை நீத்துப்பெட்டி” என்று அவள் எழுதும்போது எந்தச் செயலியும் அறியாத ஒன்றை அக் கொப்பி அறிந்துகொள்கின்றது. மாதக் கடைசி நாள்களில் நான்காம் நிரல் சிலவேளை வெறுமையாகக் கிடக்கின்றது. நாம் திருத்தும் கொப்பிகளுள் அதுவும் ஒன்று. அந்த வெற்றுக் கட்டத்தின் எதிரே என்ன எழுதுவதென்று அறியாது, சிவப்புப் பேனையைக் கையில் வைத்தபடி நாம் இருக்கின்றோம்.